தனியாகவா வந்திருக்கிறீர்கள்?

சென்னையிலிருந்து எங்கள் கொழும்பு அலுவலகத்துக்கு வேலையாக வரும் பெண்களுக்கென்று அங்குள்ள கிளை ஒரு வழிகாட்டிக் குறிப்பைத் தயாரித்து, பார்த்துத் திருத்தித் தரும்படி எனக்கு அனுப்பியது. மாலை ஏழு மணிக்குப் பிறகு தங்குமிடத்தை விட்டு வெளியே போக வேண்டாம். முச்சக்கர வண்டியில் தனியே ஏற வேண்டாம். இயன்றவரை ஓர் ஆண் ஊழியரைத் துணைக்கு அழைத்துச் செல்லவும். இவ்வளவும் எழுதிவிட்டு, அனுப்பியவர் கீழே அன்பாக ஒரு வரி சேர்த்திருந்தார்: "சின்ன ஊர் மேடம், பொண்ணுங்க கொஞ்சம் பயப்படுறாங்க. அதான்."

அவரை எனக்குத் தெரியும். நல்ல பெண். நான் சென்னைக்குப் போனால் மதியத்துக்கு வீட்டிலிருந்து எனக்கும் சேர்த்து ஒரு டப்பா கொண்டுவருபவர். கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. ஆனாலும் வாசித்தபோது எனக்குச் சுட்டது. இளம் வயதிலிருந்தே கொள்ளுப்பிட்டியில் இரவு வேலை முடித்து வெள்ளவத்தைக்குத் தனியே வீடு திரும்புகிறவள் நான். அந்த வீதியின் ஒவ்வொரு சந்தியும் எனக்குத் தெரியும். அந்த ஊரைப் பற்றி இன்னோர் ஊர் இப்படி ஒரு தாள் எழுதினால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. குறிப்பைத் திருத்தி அனுப்பிவிட்டேன். திருத்தத்துக்குள் அடங்காமல் நின்றவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சின்ன ஊர் என்பது உண்மை. கொழும்பு மாநகர சபையின் எல்லை ஏறக்குறைய 37 சதுர கிலோமீற்றர். சென்னை மாநகராட்சி 2011 விரிவாக்கத்துக்குப் பிறகு 426. ஆனால் இரண்டு மூன்று நாள் வேலைக்கு வரும் பெண்ணுக்கு ஊர் சின்னதாக இருப்பதைவிட வேறென்ன வசதி வேண்டும்? கோட்டையில் வங்கிகளும் உலக வர்த்தக மையமும். காலிமுகத்திடலைத் தாண்டினால் கொள்ளுப்பிட்டி, அடுத்தது பம்பலப்பிட்டி, அதற்கடுத்தது வெள்ளவத்தை. எல்லாம் காலி வீதியை ஒட்டி, மேற்கே கடலை வைத்துக்கொண்டு வரிசையாக இருக்கின்றன. வழி தவறினால் கடல் எந்தப் பக்கம் என்று பார்த்தால் போதும். சென்னையில் காலையில் கிண்டியில் ஒரு கூட்டம், பிற்பகல் சோழிங்கநல்லூரில் ஒன்று, இரவுக்கு எழும்பூரில் அறை என்று ஒழுங்கு செய்தால் அன்றைய நாள் வாகனத்துக்குள்ளேயே முடிந்துவிடும். பழைய மாமல்லபுரம் சாலையை அவர்கள் ஓ.எம்.ஆர். என்கிறார்கள். அதன் மாலை நெரிசலில் இருந்தபடி நான் வாசித்து முடித்த அறிக்கைகள் பல.

விமானத்தை விட்டு இறங்கும் இடத்தில் மட்டும் சென்னைக்குத்தான் முதலிடம். மீனம்பாக்கம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. 2016 முதல் மெட்ரோ ரயில் விமான நிலையத்துக்கே வருகிறது, அதில் பெண்களுக்கென்று தனிப் பெட்டியும் உண்டு. பயணப் பையை இழுத்துக்கொண்டு ஏறி, யாரோடும் விலை பேசாமல் ஆலந்தூரிலோ கிண்டியிலோ இறங்கிவிடலாம். கட்டுநாயக்க கொழும்பிலிருந்து 30 கிலோமீற்றருக்கும் மேல். 2013இல் அதிவேக வீதி திறந்த பிறகு தூரம் பெரிதாகத் தெரிவதில்லை. 187ஆம் இலக்க பஸ்ஸும் ஓடுகிறது. ஆனால் நள்ளிரவில் வந்து இறங்கும் பெண்ணிடம் பஸ்ஸில் வா என்று நான் சொல்லமாட்டேன். முன்கூட்டியே வாகனத்தைப் பதிவுசெய்து, அதன் இலக்கத்தை எங்களுக்கும் அனுப்பச் சொல்வேன்.

இருந்தாலும் கட்டுநாயக்கவை வெறும் விமான நிலையமாக மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1978இல் அங்கேதான் இலங்கையின் முதலாவது சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. தூரத்துக் கிராமங்களிலிருந்து இளம் பெண்கள் தனியே புறப்பட்டு வந்து, ஆடைத் தொழிற்சாலைகளைச் சுற்றியிருந்த போர்டிங் அறைகளில் நெருக்கமாகத் தங்கி வேலை செய்தார்கள். இன்றும் செய்கிறார்கள். இரவு வேலை முடிந்து கூட்டமாக நடந்து போகும் பெண்கள் அந்த வட்டாரத்துக்குப் புதினமல்ல. விமான நிலையத்துக்கு உள்ளே பார்த்தால் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போகிற பெண்களின் வரிசை. முதல் தடவை விமானம் ஏறுகிறவர்கள், கடவுச்சீட்டை இறுகப் பிடித்தபடி நிற்பார்கள். அவர்களும் வேலைக்காகத் தனியே பயணம் போகும் பெண்கள்தானே. ஆனால் எந்த நிறுவனமும் அவர்களுக்கென்று ஹோட்டல் பட்டியலோடு ஒரு வழிகாட்டி அச்சிட்டதில்லை. எங்கள் அரசு அவர்களிடம் கேட்டது வேறு. 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கட்டாயமாக்கி, சிறு பிள்ளைகளின் தாய்மார் போகலாமா கூடாதா என்று அதிகாரிகள் முடிவு செய்தார்கள். மடிக்கணினியோடு போகும் என்னை யாரும் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று கேட்டதில்லை. கொழும்பைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

இனி அந்த முச்சக்கர வண்டிக்கு வருவோம். நாங்கள் த்ரீவீல் என்போம், யாழ்ப்பாணத்தில் ஓட்டோ, சென்னையில் ஆட்டோ. சென்னையின் ஆட்டோ ஒரு தனி உலகம். 2013இல் அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீற்றருக்கு 25 ரூபாய். அந்தக் கட்டணத்தில் என்னை ஏற்றிய ஓட்டுநர் எவரும் இல்லை. ஏறுவதற்கு முன் பேரம், இறங்கும்போது "போட்டுக் குடும்மா". ஓலா, ஊபர், ராபிடோ எல்லாம் இருந்தும், வாகனம் வந்து நின்ற பிறகு "எங்க போகணும்? கேஷா?" என்ற விசாரணை. கொழும்பிலும் பேரம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், குறிப்பாகக் கோட்டை ரயில் நிலைய வாசலிலும் காலிமுகத்திடலிலும். ஆனால் 2015இல் பிக்மீ வந்த பிறகு நிலைமை வெகுவாக மாறிவிட்டது. கைத்தொலைபேசியில் அழைத்தால் சில நிமிடங்களில் வண்டி வந்து நிற்கும். ஓட்டுநர் பெரும்பாலும் சிங்களவராக இருப்பார், "மிஸ்" என்று கூப்பிடுவார், போகும் வழி முழுக்க வானொலியைக் கேட்டுக்கொண்டு பேசாமல் ஓட்டுவார். இரவு பதினொரு மணிக்கும் அப்படித்தான். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், அவர் என்ன செய்கிறார் என்று விசாரிப்பவர் அரிது.

சென்னை ஓட்டுநர் விசாரிப்பார். விசாரித்தபின் அக்கா என்பார், அம்மா என்பார். மழையில் நனையாமல் வாசலை ஒட்டி வண்டியை நிறுத்துவார். நான் உள்ளே போய்ச் சேரும்வரை கிளம்பாமல் நின்ற ஒருவரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது. 2025 மகளிர் தினத்தன்று பெண்களே ஓட்டும் பிங்க் ஆட்டோக்களையும் அங்கே தொடங்கியிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. கொழும்பிலும் பெண்கள் ஓட்டும் வண்டிகளை இடைக்கிடை காணலாம், ஆனால் அரசு முன்னின்று செய்ததாக அப்படி ஒன்று என் கண்ணில் படவில்லை.

பஸ்ஸைப் பற்றி எழுத எனக்குக் கை ஓடவில்லை. சென்னை மாநகர பஸ்ஸில் இடப்பக்க இருக்கைகள் பெண்களுக்கு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. விடியல் பயணம் என்று பெயர். முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு பூசிய அந்த பஸ்களில் பூக்காரம்மாவும் வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணும் அலுவலகப் பெண்ணும் ஒன்றாகப் போவதைப் பார்த்திருக்கிறேன். காலி வீதியில் ஓடும் எங்கள் 100ஆம், 101ஆம் இலக்க பஸ்களை அதோடு ஒப்பிட முடியாது. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015இல் இலங்கையில் நடத்திய ஆய்வில், பஸ்ஸிலோ ரயிலிலோ ஒரு தடவையாவது பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் 90 வீதம். பொலிஸ் உதவியை நாடியவர்கள் 4 வீதம். இந்த எண்களை வாசித்து இலங்கைப் பெண் எவளும் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டாள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே பையை முன்னால் அணைத்துப் பிடிக்கவும் கையில் ஊசி வைத்திருக்கவும் பழகியவர்கள் நாங்கள். ஆகவே சென்னையிலிருந்து வரும் பெண்ணுக்கு நான் எழுதிய திருத்தத்தில் பஸ் வேண்டாம், மாலை நேரக் கரையோர ரயிலும் வேண்டாம் என்றே இருக்கிறது. சென்னைப் பெண்களும் நெரிசலில் இதையேதான் அனுபவிக்கிறார்கள் என்று அங்குள்ள தோழிகள் சொல்கிறார்கள். அப்படியும் அங்கே இதைப் பற்றிச் சட்டசபையில் பேசியிருக்கிறார்கள். 1998இல் ஆண்களின் சேட்டையால் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்த பிறகு தமிழ்நாடு இதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது.

தங்குமிடத்தில்தான் என் மனம் முற்றாகக் கொழும்பின் பக்கம் சாய்கிறது. சென்னையில் நடுத்தர ஹோட்டல் ஒன்றின் வரவேற்பு மேசையில் நடக்கும் உரையாடல் இது.

"சிங்கிளா மேடம்? கூட யாரும் வரலையா?"

"இல்லை. வேலையாக வந்தனான்."

"கம்பெனி லெட்டர் இருக்கா மேடம்?"

அறை பதிவுசெய்து, பணம் கட்டி, கடவுச்சீட்டையும் நீட்டிய பிறகு இந்தக் கேள்வி. எனக்கு முன்னால் அறை எடுத்த ஆணிடம் கேட்கப்படவில்லை. மரியாதைக் குறைவாகக் கேட்டார்கள் என்று சொல்லமாட்டேன். குரலில் பரிவு இருந்தது. "நைட்ல ஏதாவது வேணும்னா ரிசப்ஷனுக்குப் போன் பண்ணுங்க, வெளிய போகாதீங்க" என்று புத்தியும் சொன்னார்கள். கொழும்பில் என்னைத் தேடி வரும் சென்னைப் பெண்கள் எல்லோரும் முதலில் கவனிப்பது இது இல்லாததைத்தான். கடவுச்சீட்டைப் பார்த்து, திறப்பைத் தந்து, காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று சொல்வதோடு சரி. நீங்கள் யாரோடு வந்தீர்கள், எத்தனை மணிக்குத் திரும்பி வருவீர்கள் என்பது அவர்களுடைய அலுவல் அல்ல. 1864இலிருந்து காலிமுகத்திடல் ஓரத்தில் இருக்கும் ஹோட்டலிலும் சரி, வெள்ளவத்தையின் ஒழுங்கைக்குள் இருக்கும் விருந்தினர் விடுதியிலும் சரி, என் அனுபவத்தில் இது மாறியதில்லை.

பெரிய ஹோட்டல்களில் சென்னையும் கேட்பதில்லை என்று நியாயமாகச் சொல்ல வேண்டும். கிண்டியில் இருக்கும் ஐடிசி கிராண்ட் சோழாவில் தனியே வரும் பெண்களுக்கென்று ஈவா என்ற பெயரில் தனி அறைகளே உண்டு. அதே ஐடிசி 2024இல் காலிமுகத்திடலில் ரத்னதீப என்ற பெயரில் கால் வைத்திருக்கிறது. அவ்வளவு செலவழிக்காத அலுவலகங்கள் அனுப்பும் பெண்களுக்கு இரண்டு ஊரிலும் ஒய்.டபிள்யூ.சி.ஏ. இருக்கிறது: சென்னையில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில், கொழும்பில் கொள்ளுப்பிட்டி ரொட்டுண்டா கார்டன்ஸில். எளிமையான, சுத்தமான இடங்கள். இவற்றுக்கு அப்பால் தமிழ்நாடு அரசு தோழி விடுதிகள் என்று வேலை செய்யும் பெண்களுக்காகக் கட்டியிருக்கிறது. தாம்பரத்தில் 2023இல் திறந்தார்கள். மாதக் கணக்கில் மட்டுமல்ல, சில நாட்களுக்கும் தங்கலாம். ஓர் அரசு இதை யோசித்துச் செய்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. கொழும்பில் இளம் பெண்கள் இன்றும் தங்களுக்குத் தெரிந்தவர்கள் மூலம் ஓர் அன்ரியின் வீட்டு மேல்மாடியில் போர்டிங் தேடிக்கொண்டிருக்கிறார்கள். சென்னையில் அதை பி.ஜி. என்கிறார்கள், அங்கேயும் இரவு பத்து மணிக்குக் கதவு பூட்டும் அன்ரிகள் உண்டு.

சாப்பாடு. தனியே இருந்து சாப்பிட வேண்டியிருப்பது பயணம் போகும் பெண்ணுக்குச் சின்ன விடயம் அல்ல. சென்னையில் பகலில் எந்தக் கவலையும் வேண்டாம். சைவ உணவகங்களில் முன்பின் தெரியாத நாலு பேர் ஒரே மேசையில் இருந்து மீல்ஸ் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார்கள், யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அந்த சாம்பாரையும் வடிகட்டிய காப்பியையும் கொழும்பில் யாராலும் தர முடியாது, அதில் எனக்கு வாதம் இல்லை. ஆனால் இரவு பத்தரைக்கு மேல் வேலை முடிந்து பசித்தால்? தி.நகரில் கதவுகள் இழுத்து மூடப்படும் சத்தத்தினூடே நான் பிஸ்கட் பக்கெற்றோடு அறைக்குத் திரும்பியிருக்கிறேன். கொழும்பில் அந்த நேரத்துக்குத்தான் கொத்து ரொட்டி தட்டும் சத்தம் உச்சத்துக்கு வரும். கொள்ளுப்பிட்டியில் பிலாவூஸில் நள்ளிரவிலும் பெண்கள் இருந்து சாப்பிடுவார்கள், அலுவலக அட்டை கழுத்தில் தொங்க. மதியத்துக்குச் சோத்துப் பார்சல் அலுவலகத்துக்கே வந்துவிடும். வெள்ளவத்தைச் சைவக் கடைகளில் இடியப்பமும் சொதியும் வாங்கி வந்து அறையில் வைத்துச் சாப்பிடலாம். சென்னையிலிருந்து வந்த ஓர் இளம் பெண் முதல் நாள் சொதியைப் பார்த்து "இது என்ன குழம்பு, மஞ்சத் தண்ணி மாதிரி" என்றாள். ஊருக்குப் புறப்படும் நாளில் அதைச் செய்யும் முறையை எழுதி வாங்கிக்கொண்டு போனாள்.

அவளோடுதான் மொழியின் வேறுபாடுகளும் வெளிப்பட்டன. "பின்னேரம் நாலு மணிக்குக் கூட்டம், ஆறுதலாக வாங்கோ" என்று நான் சொல்ல, யாருக்கு என்ன நடந்தது, எதற்கு ஆறுதல் என்று அவள் திகைத்தாள். அவசரம் இல்லை என்பதைத்தான் சொன்னேன். சென்னையில் என் தமிழைக் கேட்டுவிட்டு "கேரளாவா?" என்று கேட்காத கடைக்காரர் குறைவு. இதையெல்லாம் நான் குற்றமாகச் சொல்லவில்லை. கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. கொழும்பில் அவளுக்கு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ் போதும். கோட்டையில் ஆங்கிலம் வேண்டும். த்ரீவீல்காரரோடு நாலு சிங்களச் சொல் இருந்தால் முகம் மலரும்.

சில்லறை விடயங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் முழுநிலா நாள் ஒவ்வொன்றும் போயா விடுமுறை. அன்று கூட்டம் வைத்துவிட்டு வந்து இறங்கினால் காவலாளி மட்டும்தான் இருப்பார். அரசாங்கத் திணைக்களங்களுக்குப் போகிறவர் கையில்லாச் சட்டையைத் தவிர்ப்பது நல்லது; தனியார் அலுவலகங்களில் எதுவும் கேட்கமாட்டார்கள். சென்னையில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையை எண்ணிப் பயணத்தைத் திட்டமிட வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் விமான நிலையமே மூடப்பட்டது. கட்டுநாயக்கவில் கடவுச்சீட்டைக் காட்டினால் சில நிமிடங்களில் சிம் அட்டை வேலை செய்யும். சென்னையில் அதற்குப் பொறுமை வேண்டும், உள்ளூர் இலக்கம் இல்லாமல் பல செயலிகள் திறக்கவே திறக்காது. 2024 பெப்ரவரியிலிருந்து இந்தியர்கள் எங்கள் கடைகளில் தங்கள் யுபிஐ கொண்டே பணம் கட்டலாம். நான் சென்னையில் தேநீர் குடிக்க இன்னமும் நோட்டை மாற்றிக்கொண்டு நிற்கிறேன்.

ஏதாவது நடந்துவிட்டால் என்ன செய்வது என்ற பக்கம் அந்த வழிகாட்டியில் வெறும் தொலைபேசி இலக்கங்களாக இருந்தது. அதைத்தான் நான் அதிகம் மாற்றி எழுதினேன். இந்தியாவில் 2013ஆம் ஆண்டுச் சட்டம் வேலையின் பொருட்டுப் பெண் போகும் எந்த இடத்தையும் வேலைத்தலமாகவே கருதுகிறது. நிறுவனம் ஏற்பாடு செய்த வாகனமும் அதில் அடங்கும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் புகார் விசாரிக்கக் குழு இருந்தே ஆக வேண்டும். எங்களிடம் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு இருக்கிறது. 1995இல் திருத்தப்பட்டு, பாலியல் தொல்லையைக் குற்றமாக்கியது. ஆனால் அது பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் போகும் நீண்ட வழி. ஹோட்டல் நடைபாதையில் மேலதிகாரி ஒருவர் எல்லை மீறினால், அடுத்த நாள் காலையில் அலுவலகத்துக்குள்ளேயே தட்டக்கூடிய ஒரு கதவைச் சென்னைப் பெண்ணுக்குச் சட்டம் கொடுத்திருக்கிறது. அவள் இங்கே வந்திருந்தாலும் அவளுடைய நிறுவனத்தின் குழுவிடம் புகார் கொடுக்க உரிமை உண்டு என்று நான் குறிப்பில் தடித்த எழுத்தில் சேர்த்தேன். எங்கள் பெண்களுக்கு அதே அளவு உறுதியோடு எதையும் எழுத முடியவில்லை.

பொலிஸ் நிலையமும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 1992இல் ஆயிரம் விளக்கில் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தார்கள். இன்று மாநிலம் முழுக்க இருக்கின்றன. முறைப்பாட்டைத் தமிழில் சொல்லலாம், தமிழில் எழுதுவார்கள். கொழும்பில் பெண்களுக்கு 1938, பொலிஸுக்கு 119 என்ற இலக்கங்கள் உண்டு. தமிழ் 1987இலிருந்து அரசியலமைப்பின்படி அரசகரும மொழி. ஆனால் இரவு பன்னிரண்டு மணிக்கு மறுமுனையில் எடுப்பவர் தமிழில் பதில் சொல்வார் என்று என்னால் எவருக்கும் உறுதி தர முடியாது. நோய், விபத்து என்றால் மட்டும் தயக்கமின்றி 1990ஐ அழைக்கச் சொல்வேன். சுவசெரிய அம்புலன்ஸ் காசு கேட்காது, விரைவாகவும் வரும். 2016இல் அது இந்திய அரசின் நன்கொடையில்தான் தொடங்கியது. சென்னைத் தோழிகளுக்கு இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரியும். எனக்கும் அதைச் சொல்லப் பிடிக்கும்.

கொழும்பு யாரையும் எதுவும் கேட்பதில்லை என்று மேலே எழுதினேன். பெண் என்பதற்காகக் கேட்பதில்லை என்று அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். தமிழர் என்பதற்காக இந்த ஊர் நெடுங்காலம் கேட்டது. யுத்த காலத்தில் வடக்கிலிருந்து விசா அலுவலுக்கும் வைத்தியத்துக்கும் வேலைக்கும் வந்த பெண்கள் புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் லொட்ஜ்களில்தான் தங்கினார்கள். தங்கியவுடன் பொலிஸ் பதிவு. தேசிய அடையாள அட்டையைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி விடிவதற்கு முன் லொட்ஜ்களுக்குள் பொலிஸார் புகுந்து, 300க்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியா உள்ளிட்ட இடங்களுக்கு அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்த பஸ்களில் தனியே வந்திருந்த பெண்களும் இருந்தார்கள். கொழும்புக்கு வேலை தேடி வந்து லொட்ஜில் தங்கிய என் உறவுக்காரப் பெண் ஒருத்தி இன்றும் இரவில் யாரும் கதவைத் தட்டினால் முதலில் அடையாள அட்டையைத்தான் எடுப்பாள்.

சென்னை இந்த வரலாற்றை எங்களிடம் கேட்டதுண்டு, வேறு விதமாக. வெளிநாட்டவர் எவர் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் சி படிவம் அனுப்ப வேண்டும் என்பது அங்கே பொது விதி. அது எல்லோருக்கும்தான். ஆனால் இலங்கைக் கடவுச்சீட்டோடு தமிழ் பேசும் பெண் நின்றால், சின்ன லொட்ஜ்களில் மேசைக்குப் பின்னால் இருப்பவர் அடுத்த அறைக்குப் போய் யாரையோ கேட்டுவிட்டு வருவார். "ரூம் இல்லைங்க" என்ற பதிலும் வரும். 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு அந்த நாட்டுக்கு வந்த பயத்தை நான் விளங்கிக்கொள்கிறேன். விளங்கிக்கொண்டாலும் அந்த வாசலில் பையோடு நிற்பது நான்தானே. ஒரே மொழி பேசும் ஊரில் வெளிநாட்டவளாகவும், வேறு மொழி பேசும் ஊரில் வீட்டுக்காரியாகவும் இருக்கிறேன். இதில் எது எனக்கு வசதி என்று கேட்டால் தயங்காமல் கொழும்பு என்பேன். எது சுலபமாக வலிக்கும் என்று கேட்டால் சென்னை என்பேன். ஏனென்றால் அங்கேதான் நான் அதிகம் எதிர்பார்த்துப் போகிறேன்.

என் ஒப்பீடு முழுமையானது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சென்னையில் எனக்கு வேலை இருப்பது கிண்டியிலும் ஓ.எம்.ஆரிலும். மிச்ச நேரம் தி.நகரில் புடைவைக் கடைகளில் கழிந்துவிடும். ராயபுரத்திலோ பெரம்பூரிலோ ஒரு பெண் எப்படி இரவில் வேலை முடிந்து வீடு திரும்புகிறாள் என்று அங்குள்ளவர்கள் எழுத வேண்டும். ஆனால் கொழும்பைப் பற்றி ஏழு மணிக்கு மேல் வெளியே போகாதே என்று எழுத அவர்களுக்கு உரிமை இல்லை. 1931இல் சொத்து, படிப்பு என்ற நிபந்தனை எதுவும் இல்லாமல் பெண்களுக்கு வாக்குரிமை வந்த நாடு இது. சென்னை மாகாணம் 1921இலேயே பெண்களுக்கு வாக்குத் தந்தது, அது சொத்துள்ள பெண்களுக்கு மட்டும். இந்த வரலாற்றுக்கும் இரவு ஒன்பது மணி த்ரீவீலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். எனக்குத் தொடர்பு தெரிகிறது. தன் பாட்டில் போகிற பெண்ணை இந்த ஊர் நெடுநாளாகப் பார்த்துப் பழகியிருக்கிறது.

திருத்திய குறிப்பில் மூன்று விதிகளையும் வெட்டிவிட்டேன். துணைக்கு ஆண் என்ற வரியை நீக்கிய இடத்தில் எங்கள் அலுவலகப் பெண்கள் இருவரின் இலக்கங்களைக் கொடுத்தேன். நள்ளிரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே கதைப்பார்கள். சென்னைக்குப் போகும் எங்கள் பெண்களுக்கும் அதேபோல இரண்டு இலக்கம் அங்கிருந்து கேட்டு வாங்கியிருக்கிறேன். ஒன்று அந்த டப்பா கொண்டுவரும் தோழியுடையது.

இப்போது புதிதாக ஒரு வேலை வந்திருக்கிறது. 2024 செப்டெம்பரிலிருந்து சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இண்டிகோ விமானம் ஓடுகிறது. கொழும்புக்கு வராமலே பலாலியில் இறங்கி வடக்கில் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிற பெண்கள் உண்டு. அவர்களுக்கும் ஒரு குறிப்பு வேண்டுமாம். கொழும்புக்கு எழுதியது அங்கே பொருந்தாது. யாழ்ப்பாணத்தில் தனியே வரும் பெண்ணிடம் சென்னையைவிட அதிகமாகக் கேட்பார்கள்: எந்த ஊர், ஆற்ற பிள்ளை, கலியாணம் கட்டியாச்சோ, ஏன் தனிய வந்தனீங்கள். கேட்டு முடித்த பிறகு இரவுக்குப் புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் அனுப்பிவைப்பார்கள். மாலை ஆறரைக்குக் கடைசி பஸ் போய்விடும் பாதைகள் அங்கே பல. தெருவிளக்கு இல்லாத ஒழுங்கைகளும் இருக்கின்றன. அங்கே பிறந்தவள் என்றாலும் பதினெட்டு வயதில் வெளிக்கிட்டு வந்தவள் நான். கிளிநொச்சியிலும் யாழ் நகரத்திலும் இன்று வேலைக்குப் போய்வருகிற பெண்கள் மூவரிடம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் எழுதுவதில் ஒரு வரியையும் கொழும்பில் இருந்துகொண்டு நான் திருத்தப் போவதில்லை.